பூஜ்யத்துக்குப் பின்னால் ஓடும் மீட்டர்

பழைய வண்டியை விற்கும் முன் மீட்டரைப் பின்னோக்கிச் சுற்றிவிடுபவர்கள் உண்டு. ஆர்வக்கோளாறில் ஒருவர் பூஜ்யத்தையும் தாண்டிச் சுற்றிவிட்டால்? 00000 போய் 99999 வந்து நிற்கும். வாங்க வந்தவர் லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்று நடையைக் கட்டுவார். அது பூஜ்யத்துக்கு ஒன்று குறைவு என்பது சுற்றியவருக்கு மட்டுமே தெரியும்.

கணினி குறை எண்களை வைத்திருப்பதும் இப்படித்தான். ஒரு பைட் என்பது எட்டுச் சக்கரம். ஒவ்வொன்றிலும் 0, 1 என இரண்டே இலக்கம்; ஒரு சக்கரம்தான் ஒரு பிட். 00000000-இலிருந்து ஓரடி பின்னால் போனால் 11111111. அதுதான் -1. சரி, -5? ஐந்து என்பது 00000101. எல்லா இலக்கத்தையும் புரட்டினால் 11111010, ஒன்று கூட்டினால் 11111011. பாடநூலில் இதற்கு ‘இரண்டின் நிரப்பி’ என்று பெயர். காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்தவர்களே நம்மில் அதிகம். காரணம் எளிது: ஓர் எண்ணோடு அதன் புரட்டலைக் கூட்டினால் எட்டு இடமும் 1 ஆகும், இன்னும் ஒன்று சேர்த்தால் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

இப்போது 11111011-உடன் ஏழை, அதாவது 00000111-ஐக் கூட்டிப் பாருங்கள். ஒன்பதாவது இடத்துக்குப் போகும் 1 வெளியே விழுந்துவிட, மிச்சம் 00000010. இரண்டு! கூட்டும் மின்சுற்றே கழித்தும் கொடுத்துவிட்டது. அதே 11111011-ஐக் குறியில்லாத எண்ணாகப் படித்தால் 251. பிட்டுகள் மாறவில்லை, எப்படிப் படிப்பது என்பதைச் சி மொழியில் நீங்கள் எழுதும் அறிவிப்புதான் சொல்கிறது.

1945-இலேயே எட்வாக் கணினி பற்றிய அறிக்கையில் ஜான் வான் நியூமன் இரண்டின் நிரப்பி முறையைச் சொல்லிவிட்டார். ஆனாலும் 1960-களின் சிடிசி 6600 கணினி வெறும் புரட்டலோடு நிறுத்திக்கொண்டது; அதனால் அதில் +0, -0 என்று இரண்டு பூஜ்யங்கள். இப்படிப்பட்ட இயந்திரங்களையும் அனுசரித்துப் போன சி மொழித் தரம், சி23 பதிப்பில்தான் இரண்டின் நிரப்பியைக் கட்டாயமாக்கியது. சி மொழியின் அச்சிடும் செயற்கூறான பிரிண்ட்எஃப் இரும இலக்கங்களை அச்சிடும் வசதி தரத்தில் ஏறியதும் அதே பதிப்பில்தான். அதுவரை எண்ணைக் குறியில்லாததாக மாற்றி, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு பிட்டாக நாமே எடுத்து அச்சிட வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோணல் உண்டு. எட்டு பிட்டில் -128 முதல் 127 வரைதான் இடம். -128 என்பது 10000000. புரட்டினால் 01111111; ஒன்று கூட்டினால் மறுபடி 10000000. குறியை மாற்றப் போனால் அதே எண் வந்து நிற்கிறது!

கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழி நூலில், எண்ணை எழுத்துகளாக மாற்றும் ‘ஐடோஆ’ என்ற செயற்கூறு உண்டு. குறை எண் வந்தால் முதலில் குறியை மாற்றிவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்கும். ஆகவே மிகச் சிறிய குறை எண்ணில் தவறிவிடும். 1988-இல் வந்த இரண்டாம் பதிப்பின் மூன்றாம் அத்தியாயத்தில், அது ஏன் தவறுகிறது என்று கண்டுபிடித்துத் திருத்தும் வேலையை வாசகருக்கே பயிற்சியாகக் கொடுத்திருக்கிறார்கள்.