வரையாட்டுக்கும் உண்டு பிரசவ விடுப்பு!

மூணாறு போகத் திட்டம் போடும் சகோதரிகளே, இரவிகுளம் தேசியப் பூங்காவை விட்டுவிடாதீர்கள். ஆனால், பிப்ரவரி, மார்ச்சில் போய் ஏமாறாதீர்கள். வரையாடுகள் குட்டி போடும் சமயம் என்று வழக்கமாக அப்போது பூட்டி விடுகிறார்கள்.

மார்ச்சில் லீவு கிடைத்த என்னவர், "ஆடு குட்டி போட்டா நமக்கென்ன?" என்று முணுமுணுத்தார். என் மாமியார்தான், "பச்ச ஒடம்புக்காரி படுத்திருக்கற ஊட்டுக்குள்ள கண்டவங்களும் நொழைவாங்களா கண்ணு?" என்று வாயை அடைத்தார். ஏப்ரல் கடைசியில் போனோம்.

வாசலில் இருந்து வனத்துறை பஸ்சில் ராஜமலை. பிறகு நடை, ஏற்றம்தான், மூட்டு வலிக்காரர்கள் நின்று நின்று போகலாம். எங்கும் புல்வெளி, மலை மடிப்புகளில் மட்டும் திட்டுத் திட்டாகச் சோலைக்காடு. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளைக்கார எஸ்டேட்காரர்கள் வேட்டையாடிய மலை. 1975ல் சரணாலயமாகி, 1978ல் தேசியப் பூங்காவானது.

நம் மாநில விலங்கான வரையாடு, குட்டியோடு பாதையோரமே மேய்கிறது. செங்குத்துப் பாறையில் குட்டி துள்ளியதைப் பார்த்து எனக்குத்தான் அடிவயிறு கலங்கியது. தாய் அலட்டிக்கொள்ளவே இல்லை! ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதானாம்.

அந்தக் குட்டிக்கு ஓர் அம்மாள் சிப்ஸ் நீட்டிக் கூப்பிடுகிறார், மகளோடு நிற்க வைத்து செல்போனில் படம் எடுக்க. "கொடுக்காதீங்கம்மா" என்றேன். "உங்க வீட்டு ஆடா?" என்றாரே பார்க்கணும்! வன ஊழியர் வந்து அதட்டிய பிறகே பாக்கெட் பைக்குள் போனது.

எங்க வீட்டு ஆடு இல்லைதான். ஆனால், அந்த மலைத் தண்ணீர் எங்க வீட்டுத் தண்ணீர். புல்வெளியும் சோலையும் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. இரவிகுளத்து ஓடை பாம்பாற்றில் சேர, பாம்பாறு அமராவதி அணைக்கு வருகிறது. எங்கள் நெல்லும் கரும்பும் அதை நம்பித்தான். இதை அந்த அம்மாளிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் பஸ் ஏறி விட்டார்.

நீலக்குறிஞ்சி அங்கே 2018ல் பூத்தது. அந்த ஆகஸ்ட் வெள்ளத்தில் பாதை கெட்டு, பலரும் பார்க்க முடியாமல் போனது. இனி 2030ல்தான். "அதுவரைக்கும் நானிருக்கோணுமே" என்கிறார் மாமியார். "நீங்க இல்லாம யாரு போறா அத்தை?" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை.