பெருங் கணினி நிறுவனத்தில் ஊழியம்



கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த மூதூர், பெரிய நிறுவனங்களை அறியாத ஊர் அன்று. குடாவுக்கு அக்கரையில், திருகோணமலைத் துறைமுகத்தில், பிரித்தானியக் கடற்படைத் தளம் நெடுங்காலம் இயங்கியது. 1957 ஆம் ஆண்டில் அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அத்துறைமுகக் கரையில் மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் எழுந்தன. அங்கு நடைபெறும் வேலை கண்ணுக்குப் புலனாவது. கப்பல் வரும், தானியம் இறங்கும், மூட்டை வெளியேறும். இன்று நம் பிள்ளைகள் நாடிச் செல்லும் கணினி நிறுவனங்களிலோ, கையால் தொட்டறியக்கூடிய பண்டம் பெரும்பாலும் இல்லை. “அங்கே என்னதான் வேலை?” என்று பெற்றோர் வினவுவது இயல்பே. அவ்வினாவுக்கு விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

கரைவலை இழுப்பதைக் கண்டவர்க்கு இதனை விளக்குதல் எளிது. வலை தொலைவில் நீருக்குள் கிடக்கிறது. கரையில் நிற்பவர் ஒவ்வொருவர் கையிலும் இருப்பது கயிற்றின் ஒரு பகுதியே. அதுபோலவே, பெருநிறுவனம் ஒன்றின் மென்பொருள் பல இலட்சம் வரிகளாக விரிந்து கிடக்கும். நிலப்படம் காட்டும் சேவையை எடுத்துக்கொள்வோம். வழியைக் கணிப்பது ஒரு குழுவின் பொறுப்பு. ஊர்ப்பெயர்களைப் பொருத்துவது வேறொரு குழுவின் பொறுப்பு. விடை விரைந்து கிடைக்கச் செய்வது மற்றொன்றின் பொறுப்பு. முழுவதையும் அறிந்தவர் எவரும் இலர்.

ஆகையால், புதிதாகச் சேர்ந்த பொறியியலாளர் தொடக்கக் காலத்தின் பெரும்பகுதியைப் பிறர் எழுதியவற்றைப் படித்தறிவதிலேயே கழிக்கின்றார். பின்னர் அவர் செய்யும் சிறு மாற்றத்தையும் சக ஊழியர் ஒருவர் வரிவரியாகப் படித்துக் குறைகளைச் சுட்டுவார். அதன்மேல் தன்னியக்கச் சோதனைகள் நடைபெறும். அவற்றிலும் தேறிய மாற்றம் முதலில் பயனாளர் சிலருக்கு மட்டுமே வழங்கப்படும். பழுது தோன்றாவிடின் படிப்படியாக யாவருக்கும் பரவும். கூரிய அறிவு மட்டும் இவ்வேலைக்குப் போதாது. பொறுமையும், தெளிவாக எழுதும் ஆற்றலும், பிறர் திருத்தத்தை மனங்கோணாது ஏற்கும் பண்பும் அதனினும் இன்றியமையாதன.

இச்சேவைகள் இரவிலும் உறங்குவதில்லை. ஆதலின், பல குழுக்களில் ஊழியர் முறைவைத்து விழித்திருக்கின்றனர். நள்ளிரவில் பழுது நேர்ந்தால், முறைக்காரரின் தொலைபேசி ஒலிக்கும். அவர் உடனே எழுந்து கவனித்தல் வேண்டும். கடல் கடந்த நிறுவனத்திற்கு இங்கிருந்து பணியாற்றுவோர்க்கு வேறொரு சங்கடமும் உண்டு. கலிபோர்னியாவில் காலை எட்டு மணியாகும்போது, இலங்கையில் இரவு எட்டரை அல்லது ஒன்பதரை மணியாகின்றது. அவர்கள் கூட்டம் தொடங்கும் நேரம், நம் வீட்டில் இராச்சோறு பரிமாறும் நேரம்.

இனி, வேலையை மதிப்பிடும் முறையைப் பார்ப்போம். மூட்டைகளை எண்ணுவதுபோலச் சிந்தனையை எண்ண இயலாது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் ஒரு காலத்தில், ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் சிறந்தோர், இத்தனை பேர் பின்தங்கியோர் என வகுத்தே தீர வேண்டுமென்ற முறை இருந்தது. குழுவினர் யாவரும் திறமைசாலிகளாயினும் எவரேனும் கீழ்ப்படியில் நிறுத்தப்பட வேண்டியிருந்தமையால், ஒத்துழைக்க வேண்டியவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டனர். 2013 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அம்முறையைக் கைவிட்டது. எனினும், ஆண்டுதோறும் தரமிடுதல் ஏதோவொரு வடிவில் பல நிறுவனங்களில் தொடர்கின்றது.

ஊதியம் உயர்ந்தது, பங்குகளும் சிலருக்குக் கிடைக்கின்றன, உணவும் வசதிகளும் குறைவில்லை. ஆயினும் அவை நிலையான உறுதி ஆகா. 2022 நவம்பரில் மெற்றா நிறுவனம் 11,000க்கு மேற்பட்டோரையும், 2023 சனவரியில் கூகிளின் தாய்நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரையும் வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தன. கூகிளில் பலர் மின்னஞ்சல் மூலமே தம் நீக்கத்தை அறிந்தனர். அவர்களுள் நெடுங்காலம் உழைத்தோரும் இருந்தனர்.

நிறுவனத்துக்கும் ஊழியனுக்கும் உள்ள தொடர்பு எத்தகையது என்பதற்கு மூதூரிலேயே ஒரு பழஞ்சான்று உண்டு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியிலிருந்த ‘ஆன்’ என்னும் கப்பல், புயலில் பாய்மரம் இழந்து, அதனைச் செப்பனிடக் கொட்டியாரத்துக்கு வந்தது. 1660இல் அதன் தலைவரும், அவர் மகன் றொபேட் நொக்சும், மாலுமிகள் சிலரும் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். எஞ்சியோர் கப்பலைச் செலுத்திச் சென்றனர். கம்பனியின் வாணிகம் நில்லாது நடந்தது. 1679இல் தப்பிய நொக்ஸ், மீண்டும் அதே கம்பனியிற் சேர்ந்து கப்பற்றலைவருமானார். ஆனால் அவர் பெயரை இன்றுவரை நிலைநிறுத்துவது அப்பதவி அன்று. இத்தீவைக் கண்டும் கேட்டும் அறிந்து 1681இல் அவர் வெளியிட்ட நூலே ஆகும். பதவி கம்பனியுடையது, கற்ற அறிவு அவருடையது.

இத்தொழிலைக் கற்கக் கொழும்புக்கோ கடல் கடந்தோதான் செல்ல வேண்டுமா? அவ்வாறன்று எனக் காட்டியுள்ளது, 1996இல் தொடங்கப்பட்டு இன்று சோகோ எனப்படும் நிறுவனம். 2011இல் தமிழ்நாட்டின் தென்காசிக்கு அருகே, மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் அது தன் அலுவலகத்தை அமைத்தது. 2004இல் அது தொடங்கிய பயிற்சிப் பள்ளியில், பள்ளிக் கல்வி முடித்தோர் உதவித்தொகை பெற்றுப் பயில்கின்றனர். பல்கலைக்கழகப் பட்டம் இன்றியே பின்னர் ஊழியராகின்றனர். மகளைத் தொலைதூரம் அனுப்பத் தயங்கும் மூதூர்ப் பெற்றோர்க்கு இச்செய்தி சிந்திக்கத்தக்கது. தோணித்துறைகளைக் கடந்து போன பாதையில் இன்று பாலங்கள் உள்ளன. பயிற்சிக்கூடமும், தடையற்ற மின்சாரமும், நல்ல இணைப்பும் வாய்த்தால், வேலையே ஊரைத் தேடி வருதல் கூடும்.

பெருநிறுவனத்தில் சேர விரும்பும் இளைஞர்க்கும் யுவதிகட்கும் ஒன்று கூறலாம். தயக்கமின்றிச் சேருங்கள், கயிற்றின் உங்கள் பகுதியைச் செம்மையாக இழுங்கள். ஆனால் நிறுவனத்தின் பெயரையே உங்கள் பெயராகக் கொள்ளாதீர்கள். ஆண்டு முடிவில் எவ்வளவு ஈட்டினோம் என்பதோடு, எதைக் கற்றோம் என்பதையும் கணக்கிடுங்கள். வேலை கைவிட்ட நாளிலும் உங்களுடன் வீடு திரும்புவது அக்கல்வியே.