சுவரில் தொங்கும் தமயந்தி

புனேயின் மகர்பட்டா அடுக்ககம் ஒன்றில், சோபாவுக்கு மேலே ஓவியர் ரவிவர்மாவின் தமயந்தி அன்னத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 1899இல் தீட்டிய மூல ஓவியம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா கலைக்கூடத்தில் இருக்கிறது. சோபாவுக்கு மேலே இருப்பது கேன்வாஸ் அச்சு. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் குட்டு வெளிப்படும். தைல ஓவியத்தில் தூரிகை போன தடம் தெரியும். வண்ணம் சில இடங்களில் மேடிட்டிருக்கும். அச்சிலோ முகம், நகை, சுவர் எங்கும் ஒரே சீரான நெசவு. பூதக்கண்ணாடி வைத்தால் கன்னத்துச் சிவப்பு நுண்புள்ளிகளாகச் சிதறிவிடும்.

இந்த ஜாலம் புனே வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1894இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகம், 1899இல் லோனாவாலா பக்கம் மலவ்லிக்கு இடம் மாறியது. சுண்ணாம்புக்கல்லில் படத்தை எழுதி, நிறத்துக்கு ஒரு கல்லாக ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தார்கள். ஒரு கல் இம்மி விலகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். கடைசியில் வார்னிஷ் பூசுவார்கள். தைல ஓவியம்போல் காட்ட, தாளிலேயே துணியின் நெசவை அழுத்திப் பதிப்பதும் உண்டு. நட்டம் தாங்காமல், சில ஆண்டுகளிலேயே ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷருக்கு அச்சகம் கைமாறியது, 1972இல் தீக்கிரையானது.

இன்று நெசவு நிஜம். பருத்தி அல்லது பாலியெஸ்டர் கலந்த துணியில், மை ஊறிப் பரவாமலிருக்க ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். அதன்மேல் இன்க்ஜெட் இயந்திரம் எட்டு, பத்து, பன்னிரண்டு வண்ண மைகளைத் தூவுகிறது. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மை நிறமியா சாயமா என்பதுதான். சாய மை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். நிறமி மை நெடுநாள் தாங்கும்.

அடுத்தது, மூலப் படத்தின் கோப்பு. அங்குலத்துக்கு 150 பிக்சல் என்று வைத்தாலும், 3 அடிக்கு 4 அடி அச்சுக்கு 5400க்கு 7200 பிக்சல், அதாவது ஏறக்குறைய 39 மெகாபிக்சல் வேண்டும். இணையத்தில் இறக்கிய சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் தமயந்தியின் கண் மங்கித்தான் போகும். சிறு குறைகளை நெசவு மறைக்கும். இந்த மங்கலை அது மறைக்காது.

அச்சை மாட்டும்போது, புனே மழைக்காலத்தில் ஈரம் ஏறும் வெளிச்சுவரைத் தவிர்ப்பது நல்லது. துணி தொய்ந்தால், மரச்சட்டத்தின் பின்பக்க மூலைகளில் உள்ள ஆப்புகளை மெல்லத் தட்டினால் மறுபடி விறைக்கும். ஆப்பே இல்லாத மலிவான சட்டம் என்றால், பின்களைப் பிடுங்கித் துணியைத் திரும்ப இழுத்து அடிக்க வேண்டியதுதான்.