ஆசிரியர் சம்பளம் பணயப் பொருளா?

செய்த வேலைக்குக் கூலி கேட்டால், "முதலில் இன்னொரு தாளில் கையெழுத்துப் போடு, பிறகு பார்ப்போம்" என்று முதலாளி சொன்னால், ஆலைத் தொழிலாளி என்ன செய்வான்? சங்கத்தைக் கூட்டுவான், கொடி பிடிப்பான், வாசலில் அமர்வான். அதே சொல்லை ஒரு சர்க்கார் சொன்னால் மட்டும் அது நிர்வாகம் ஆகிவிடுமா?

தோழர்களே! கதையை நேராகச் சொல்கிறோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் 2018இல் வந்தது. செலவில் 100க்கு 60 டில்லி தரவேண்டும். 40 மாநிலம் தரவேண்டும். 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு டில்லியின் பங்கு 2,152 கோடி ரூபாய். அந்தப் பணம் நின்றது. ஏன்? 'பி.எம்.ஸ்ரீ' என்ற வேறொரு திட்டத்தின் ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை. கையெழுத்திட்டால் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை முழுதாக ஏற்றதாகும். மும்மொழியும் அதனுள் அடக்கம். மறுத்தோம், மடை அடைபட்டது!

அடைபட்டது யாருக்கு? கண் தெரியாத பிள்ளைக்கும் காது கேளாத பிள்ளைக்கும் பாடம் சொல்லும் சிறப்புப் பயிற்றுநருக்கு. ஓவியமும் தையலும் உடற்பயிற்சியும் கற்பிக்கும் பகுதிநேர ஆசிரியருக்கு. மொழிக் கொள்கையை வகுத்தவர்கள் இவர்களா? ஒப்பந்தத்தை மறுத்தவர்கள் இவர்களா? வழக்கு ஒருவர் மேல், தண்டனை வேறொருவர் மேலா?

"பணம் தருகிறவன் நிபந்தனை போடக்கூடாதா?" என்று கேட்கிறார்கள். பணம் யாருடையது? துணி வாங்கினால் வரி, சோப்பு வாங்கினால் வரி என்று நாம் கட்டியதுதானே டில்லியின் பெட்டியில் இருக்கிறது! புதுத் திட்டத்துக்கு நிபந்தனை போடட்டும். நடந்துகொண்டிருக்கும் பள்ளியின் சம்பளத்துக்குப் போடலாமா? 2025 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழுவே இப்படி நிதியை நிறுத்துவது நியாயமல்ல என்றது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. சம்பளத்துக்கு வழக்காட வேண்டிய நிலை வந்ததே, அதுதான் வெட்கம்!

டில்லியைக் கேட்கும் நாம் கோட்டையையும் கேட்கத்தான் வேண்டும். 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டார்கள். மே மாதம் விடுமுறை என்று அந்தச் சம்பளமும் தரப்படவில்லை. மே மாதத்தில் அவர்கள் வீட்டில் அடுப்புக்கும் விடுமுறையா? நிரந்தர வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். டில்லியின் குற்றம் கோட்டையின் கடமையைத் தள்ளுபடி செய்துவிடாது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஆசிரியர் சம்பளத்துக்கான பங்கை வேறெந்தத் திட்டத்தோடும் டில்லி முடிச்சுப் போடக்கூடாது. இதைச் சட்டமாக்க வேண்டும். டில்லிப் பணம் தாமதித்தாலும் சம்பளம் தவறாதபடி மாநிலம் தன் பட்ஜெட்டில் தனி நிதி ஒதுக்க வேண்டும். பகுதிநேரம் என்ற பெயரில் முழுநேர வறுமை தருவது ஒழிய வேண்டும்.

நம் பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளியில். அங்கே ஓர் ஆசிரியர் குறைந்தால் செல்வன் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் குறையாது. குறைவது நம் பிள்ளைக்குத்தான். எனவே இது ஆசிரியர் சங்கத்தின் போராட்டம் மட்டுமல்ல. தொழிற்சங்கக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக்குங்கள். கிளைதோறும் பேசுங்கள். கரும்பலகை காக்கப்பட, கைகள் உயரட்டும்!