சிரட்டைக் கரியில் ஒரு கண்ணாடித் தரை!

அரண்மனை என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? தங்கத் தூண், பளிங்குச் சுவர், வைரம் பதித்த கட்டில்... இதெல்லாம்தானே குட்டீஸ்? இவை எதுவுமே இல்லாத ஓர் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க வெளிநாடுகளில் இருந்தும் வருகிறார்கள். வாருங்கள், நாமும் ஒரு சுற்று சுற்றிவருவோம்!

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் செல்லும் வழியில் உள்ள ஊர் தக்கலை. அதன் அருகே, வேளிமலை அடிவாரத்தில், கருங்கல் கோட்டைக்குள் இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூர் மன்னர்கள் இங்கிருந்துதான் ஆட்சி செய்தார்கள். 1795இல்தான் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது.

உள்ளே போகும் முன் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்!

முதலில் வருவது பூமுகம். அண்ணாந்து பாருங்கள். மரக் கூரையில் 90 பூக்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை! அங்கே தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும்.

மாடியில் மந்திரசாலை. மன்னர் அமைச்சர்களோடு ஆலோசனை செய்த இடம். ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது. வண்ண மைக்காத் தகடுகள். வெயில் உள்ளே இதமாக விழும். கீழே குனிந்தால் கறுப்புத் தரையில் உங்கள் நிழல் தெரியும். இது பளிங்கு அல்ல! சிரட்டையைச் சுட்ட கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு முதலியவற்றைக் கலந்து தேய்த்துத் தேய்த்துப் போட்ட தரை. வீட்டில் நாம் தூக்கி எறிகிற சிரட்டைதான் இங்கே கண்ணாடியாகி இருக்கிறது.

அடுத்தது ஊட்டுப்புரை. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நீளமான கூடம். பெரிய ஊறுகாய்ப் பரணிகளை இன்றும் பார்க்கலாம்.

தாய்க்கொட்டாரம்தான் இங்கே மிகப் பழைய பகுதி. அங்குள்ள பலாமரத் தூணைச் சுற்றி வந்து பாருங்கள். உளி பிடித்த ஆசாரிமாரின் பொறுமை புரியும்!

நான்கு மாடி கொண்ட உப்பரிகை மாளிகையில் ஒரு கட்டில் இருக்கிறது. 60க்கும் மேற்பட்ட மூலிகை மரங்களால் ஆனதாம். டச்சுக்காரர்கள் கொடுத்த பரிசு என்கிறார்கள். 1741இல் குளச்சல் போரில் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றவர்கள் அதே டச்சுக்காரர்கள்தான்!

இன்னொரு வியப்பு: அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது இந்தப் பகுதி நம்மோடு இணைந்தது. அரண்மனை மட்டும் கேரளத்தின் பொறுப்பில் தொடர்ந்தது.

சரி, செருப்பு விஷயத்துக்கு வருவோம். செருப்பில் ஒட்டிய ஒரு மணல் போதும், அந்தத் தரையில் கீறல் விழ. கல்லைப் போல மரம் தாங்காது. கரையானும் மழை ஈரமும் ஏற்கெனவே அதற்கு எதிரிகள். அத்தோடு ஆணியால் பெயர் கிறுக்குகிற கைகளும் சேர்ந்தால்? பலர் மாதக்கணக்கில் செதுக்கியதை ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடலாம். திரும்பச் செய்ய முடியுமா?

பள்ளிச் சுற்றுலா போகும்போது கண்ணால் பாருங்கள், கையால் தொடாதீர்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள்; அன்று அரண்மனைக்கு லீவு!