எல்.பி. ரெக்கார்டை கம்ப்யூட்டரில் பதியப் போகிறீர்களா?

வீட்டிற்குப் புதிதாக கம்ப்யூட்டர் வந்தவுடன் பலருக்கும் பரண் மேல் இருக்கும் பழைய இசைத் தட்டுகள் நினைவுக்கு வரும். ரெக்கார்டு பிளேயரை ஒரு வயரால் இணைத்துவிட்டால் பாட்டெல்லாம் பைல்களாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அலங்காநல்லூரில் என் மாமா முன்பு ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் ஒலித்த தட்டுகள் அவரிடம் இரண்டு பெட்டி இருந்தன. ஊசி ஓடும் ஒவ்வொரு முறையும் தட்டு தேயும். எனவே ஒரே தடவையில் சரியாகப் பதிய வேண்டும்.

பிளேயர் ஹாலில் இருந்தது. கம்ப்யூட்டரும் போனோ ப்ரீ-ஆம்ப்ளிபயரும் உள் அறையில். நடுவே 3 மீட்டர் வயர் இழுத்தேன். ஐந்து தட்டுகள் பதிந்த பிறகு மாமா கேட்டார். "மாப்ளே, டி.எம்.எஸ். 'ச'ன்னு சொல்றப்பல்லாம் காது கூசுதே. நம்ம செட்டுல இப்படிக் கேட்காதே" என்றார். மதுரைக்காரரான டி.எம்.எஸ்.ஸின் குரலில் மாமாவை ஏமாற்ற முடியாது.

தவறு என் வயரில்தான் இருந்தது. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் என்பது காந்தமும் காயிலும் கொண்ட ஒரு குட்டி ஜெனரேட்டர். இது தரும் மின் அழுத்தம் சுமார் 5 மில்லி வோல்ட்தான். இதனுடன் இணையும் வயரும் ப்ரீ-ஆம்ப்ளிபயரும் சேர்ந்ததே இதன் 'லோடு'. ரெசிஸ்டன்ஸ் 47 கிலோ ஓம் என்பது பொது அளவு. கெபாசிடன்ஸ் மட்டும் வயருக்கு வயர் மாறும். மீட்டருக்கு சுமார் 100 பிகோ பாரட் இருக்கலாம்.

காயிலும் கெபாசிடன்ஸும் சேர்ந்தால், ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போல, ஒரு குறிப்பிட்ட அலைவரிசை தூக்கலாகும். உதாரணமாக, காயில் 700 மில்லி ஹென்றி, கெபாசிடன்ஸ் 200 பிகோ பாரட் என்றால் அந்த இடம் சுமார் 13,500 ஹெர்ட்ஸ். 500 பிகோ பாரட் ஆனால் சுமார் 8,500 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 'ச', 'ஸ' ஒலிகள் கூசும். அதற்கு மேலுள்ள ஜால்ரா ஒலி மங்கும்.

பதியும் முன் கவனிக்க வேண்டியவை:

1. பிளேயரில் 'போனோ/லைன்' சுவிட்ச் இருந்தால் 'லைன்' என வைத்து, கம்ப்யூட்டரின் லைன்-இன் துளையில் நேரடியாகச் செருகுங்கள். மைக் துளையில் செருகாதீர்கள். லைன்-இன் இல்லாத லேப்டாப் என்றால், லைன்-இன் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் வாங்குங்கள்.

2. சுவிட்ச் இல்லாத மூவிங் மேக்னட் பிளேயருக்குத் தனி போனோ ப்ரீ-ஆம்ப்ளிபயர் அவசியம். தட்டில் குறைத்துப் பதியப்பட்ட பாஸ் ஒலியை மீண்டும் உயர்த்தித் தருவதும் அதுதான்.

3. கார்ட்ரிட்ஜின் குறிப்பேட்டில் எத்தனை பிகோ பாரட் என்று பாருங்கள். ஆர்ட்டோபோன் 2எம் ரெட் என்றால் 150 முதல் 300 வரை. டோன் ஆர்ம் வயர், இணைப்பு வயர், ப்ரீ-ஆம்ப்ளிபயர் மூன்றின் கெபாசிடன்ஸையும் கூட்டினால் இதற்குள் வர வேண்டும்.

4. பழைய சூட்கேஸ் பிளேயர்கள் பலவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். இதற்கு 1 மெகா ஓம் அளவு லோடு தேவை. சில பத்து கிலோ ஓம் மட்டுமே உள்ள லைன்-இன்னில் நேரடியாகச் செருகினால் பாஸ் காணாமல் போகும். இடையே ஒரு பஃபர் சர்க்யூட் வைக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

5. முதலில் ஒரே ஒரு பாட்டை ஆடாசிட்டி போன்ற புரோகிராமில் பதிந்து ஹெட்போனில் கேளுங்கள். வேவ் பைலாகச் சேமித்து, பிறகு எம்பி3 ஆக்குங்கள்.

நான் ப்ரீ-ஆம்ப்ளிபயரை பிளேயருக்குப் பக்கத்தில் வைத்து, நடுவே அரை மீட்டர் வயர் போட்டேன். நீள வயரை ப்ரீ-ஆம்ப்ளிபயருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே மாற்றினேன். அங்கே நீளத்தால் பாதிப்பில்லை. செலவு எதுவும் இல்லை. ஆனால் அந்த ஐந்து தட்டுகளும் இன்னொரு முறை தேய வேண்டியதாயிற்று. மாமா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது நம்மாளு குரல்" என்றார்.

உங்கள் தட்டுகளைத் தொடும் முன் வயரை அளந்துவிடுங்கள்.