நான்காவது லிட்டர் சலைன்

நோய்த்தொற்றை எதிர்க்கும் உடலின் ஆற்றல் கட்டுமீறி, சொந்த உறுப்புகளையே சிதைக்கத் தொடங்கும் நிலைக்கு 'செப்சிஸ்' என்று பெயர். அது முற்றும்போது ரத்த நாளங்கள் தளர்ந்து விரிகின்றன. அவற்றின் சுவர் வழியே நீர் கசிகிறது. இதயத் தசையும் வலுவிழக்கக்கூடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பலன் தரும்வரை உறுப்புகளுக்கு ரத்தம் போய்ச் சேர வேண்டும். அதற்காக முதலில் ஏற்றப்படுவது சலைன்.

எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் சிக்கல். பொருளியல் கற்பித்தவன் என்பதால், குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. முதல் லிட்டர் உயிரைக் காக்கலாம். நான்காவது லிட்டர் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கலாம். கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில், கடும் காய்ச்சலுடன் ரத்த ஓட்டம் குன்றிய 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளியானது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டோர் 48 மணி நேரத்துக்குள் இறந்தனர்; அவ்வாறு ஏற்றப்படாதவர்களில் இறந்தோர் 7.3 விழுக்காடு. அங்கே செயற்கை சுவாசக் கருவி வசதி இல்லை, பலருக்கு மலேரியா இருந்தது என்பன உண்மையே. ஆயினும் 'ஏற்றினால் நல்லதுதானே' என்ற நம்பிக்கையை அம்முடிவு உலுக்கிவிட்டது.

விலையுயர்ந்த கருவிகளின் கதையும் இத்தகையதே. கழுத்துச் சிரையில் குழாய் செலுத்தி, ஆக்ஸிஜனை அளந்து சிகிச்சை தந்தால் இறப்பு 46.5 விழுக்காட்டிலிருந்து 30.5 ஆகக் குறைகிறது என்று 2001-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மருத்துவர்கள் காட்டினர். 2014, 2015 ஆண்டுகளில் வெளியான மூன்று பெரிய ஆய்வுகளில் அந்த மேன்மை தென்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் வழக்கமான சிகிச்சையே விரைவுபட்டிருந்தது. டெட்ராய்ட் கற்பித்தது குழாயை அன்று, விரைவை என்றே நான் கருதுகிறேன்.

சலைனால் அழுத்தம் நிமிராவிட்டால், நாளங்களை இறுக்கும் நாரட்ரினலின் மருந்தால் சராசரி ரத்த அழுத்தத்தை 65-க்கு உயர்த்துவர். இதயம் சோர்ந்திருந்தால் அதைத் தூண்டும் மருந்தும் சேரும்.

இவை போதுமா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. விரல் நுனியைப் பத்து விநாடி அழுத்தி விட்டால், மூன்று விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். லத்தீன் அமெரிக்காவில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு, இதை ரத்தத்தில் லாக்டேட் அளக்கும் சோதனையுடன் ஒப்பிட்டது. விரல் சோதனைப் பிரிவில் இறந்தோர் 34.9 விழுக்காடு, மற்றதில் 43.4. புள்ளியியல் கணக்கில் இவ்வேறுபாடு உறுதிப்படவில்லை. எனினும் விரல் சோதனைப் பிரிவினருக்குக் குறைந்த திரவமே தேவைப்பட்டது. இச்சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம். ஆனால் அவ்வாய்வில் நிலைமை சீராகும்வரை அரை மணிக்கொரு முறை இதைச் செய்தார்கள். கருவி வாங்க நிதி ஒதுக்கும் நம் மருத்துவமனைகள், இரவில் அப்படிக் கட்டிலருகே நிற்கக்கூடிய செவிலியர் பணியிடங்களுக்கும் ஒதுக்க வேண்டும்.